கயிற்றுக்கு அந்தப் பக்கம்

படகுத்துறை
ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவும் நல்லா இருக்காங்க, முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்குதாம். நீயும் அண்ணியும் சுகமான்னு கேட்டு எழுதச் சொன்னாங்க. கேட்டுட்டேன்.

போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் கத்த ஆரம்பிச்சுடறோம்னு அம்மா போட்ட தடை இன்னும் நீங்கலை. "எழுதிக்கோங்க. ஒட்டித் தபால்ல போடறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்"ங்கறாங்க. போகலை. ஆனா ஒரு வசதி இருக்கு, நடுவுல நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். போன வருஷம் நம்ம துறைல படகுச் சவாரி வருமானத்துல செலவு போகக் கொஞ்சம் மிச்சம் நின்னுச்சு. இனிமே வர்றதுல ஒரு பங்கை ஆத்துக்கே திருப்பிக் கொடுக்கணும்னு எனக்கு ஆசை. ஆத்தை வச்சுத்தானே சாப்பிடறோம். யாருக்குக் கொடுக்கறதுங்கறதுதான் கேள்வி. ஒரு பெரிய சங்கம் எழுதியிருக்கு. பளபளன்னு புத்தகம், படகுல ஒட்ட ஸ்டிக்கர், சுவத்துல மாட்டச் சான்றிதழ் எல்லாம் தருவாங்களாம். அந்த ஆபீஸ்ல ஒருத்தராவது இந்த ஆத்துல கால் நனைச்சிருப்பாங்களான்னு தெரியலை.

இன்னொண்ணு தொப்பியம்மா சங்கம். நீ ஊரை விட்டுப் போனப்புறம் வந்தவங்க, கணக்கு டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவங்க. வெயிலோ மழையோ, ஒரு பெரிய துணித் தொப்பி இல்லாம வெளியே வரமாட்டாங்க. சைக்கிள் கடை மாடில ஒரே ஒரு அறை. மொத்தம் நாலு பேர், மூணு நாற்காலி. நடு ஆத்து மணல்திட்டுல ஆலாப் பறவைங்க முட்டை வைக்குதே, கறுப்புத் தலையும் வெள்ளை உடம்புமா, அதுங்களை நாய்கிட்டேயிருந்து காப்பாத்தறதுதான் அவங்க வேலை. காலைலயும் சாயங்காலமும் எதிர்க்கரைல உட்கார்ந்து காவல்.

எனக்கு மனசு தொப்பியம்மா பக்கம்தான். ஆனா துறைல பாதி உன்னுது. சட்டுனு பதில் எழுது, எனக்கு ஒரு இடத்துல உட்கார முடியலை.

சண்டைக்கு ஆள் இல்லாமல் தவிக்கும்
உன் தங்கச்சி


நகரம்
ஜனவரி 19

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே ரெண்டு பேரும் சுகம். அண்ணிக்குச் சளி பிடிச்சு விட்டுடுச்சு. அம்மாவைப் படி ஏற விடாதே, கீழ் அறையைக் காலி பண்ணிக் கொடு.

தாராளமா கொடு. தொப்பியம்மாவுக்கே கொடு. ஆனா கமுக்கமா கொடுத்துட்டு வாயை மூடிக்காதே. இத்தனை வருஷமா விளம்பரக் கம்பெனில தலைமுடி உதிர்த்து நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். நல்லது பண்றதை ஊருக்குச் சொன்னா, அந்த நல்லது இன்னும் நாலு குட்டி போடும். ஒரு போர்டு வை. வாசகம் நானே எழுதிட்டேன்: "இந்தப் படகில் நீங்கள் ஏறினால் ஒரு கூடு பிழைக்கும்." எப்படி? நேத்து ராத்திரி பல் தேய்க்கும்போது வந்துச்சு, அண்ணி கைதட்டினா.

இது பீத்தல் இல்லை. அப்பா இருந்தப்ப என்ன பண்ணுவார்? வாடிக்கைக்காரங்க வந்தா முதல்ல படகைக் கவுத்து அடிப்பலகையைக் காட்டுவார். "காசு கொடுக்கறவங்க கண்ணால பார்த்துட்டு ஏறட்டும்"னு. அதேதான் இது. வாங்கற காசு எங்கே போகுதுன்னு நாம சொல்றோம், அவ்வளவுதான்.

போர்டை நீல நிறத்துல அடி. நம்ம பச்சைப் படகுக்கு எடுப்பா இருக்கும்.

பாசத்துடனும் பெருமையுடனும்
அண்ணன்


படகுத்துறை
பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். அம்மா கீழ் அறைக்கு வந்துட்டாங்க. வந்ததுலேர்ந்து துறைக்கு யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு ஜன்னல்ல உட்கார்ந்து எனக்கு ரிப்போர்ட் கொடுக்கறாங்க.

உன் வாயில சர்க்கரை போட! போர்டு வச்ச வாரத்துலேர்ந்து கூட்டம் அள்ளுது. ஆனா நீ யோசிக்காத ஒண்ணு நடந்துச்சு. ஏறின முதல் குடும்பமே கேட்டுச்சு, "கூடு எங்கேங்க?" ரெண்டாவது ஆளும் அதையேதான் கேட்டார். மூணாவதா வந்த ஒருத்தர் முகத்துக்கு நேரா சொன்னார், "எல்லாரும் இப்படித்தான் போர்டு வைக்கிறாங்க, யார் பார்த்தா?" எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. நம்மைப் பார்த்து ஒருத்தர் அப்படிச் சொல்லலாமா? அப்பா படகைக் கவுத்துக் காட்டின துறை இது. "ஏறுங்க, காட்டறேன்"னு நானே துடுப்பைப் பிடிச்சேன்.

இப்ப ஒவ்வொரு சவாரியும் மணல்திட்டுக்குப் போய்த்தான் திரும்புது. காவல் இருக்கறவங்களுக்குத் தொந்தரவா இருக்க வேண்டாம்னு, அவங்க இல்லாத மத்தியான நேரமா பார்த்து வச்சிருக்கேன். திட்டு ஓரமா படகை நிறுத்தினா முட்டை கண்ணுக்குத் தெரியும். மணல் நிறத்துலயே, புள்ளி புள்ளியா. கிட்டே போனதும் அத்தனை பறவையும் ஜிவ்வுனு எழும்பி நம்ம தலைக்கு மேலே சுத்திச் சுத்திக் கத்தும். "நம்மளை வரவேற்குது!"ன்னு ஜனங்க கைதட்டறாங்க.

ஒரே கஷ்டம், எச்சம். குறி தவறாம தலைலயே போடுதுங்க. படகு ஓட்டற நம்ம மீசையைத் தெரியும்ல, மீசையை முறுக்காம துடுப்பைத் தொடமாட்டார். இப்ப அந்த மீசைலயே ரெண்டு தடவை வாங்கிட்டார். அவருக்குக் குடை பிடிக்கறதுக்குன்னே முன்பலகைல ஒருத்தரை உட்கார வைக்கிறோம். அவரோ, "உங்க தர்மத்துக்கு என் மீசைதான் கிடைச்சுதா"ன்னு புலம்பல்.

தொப்பியம்மாவுக்கு முதல் தவணை கொடுத்தாச்சு. ஒரு தூரநோக்கி வாங்கியிருக்காங்க. வாங்கும்போது அந்தம்மாவுக்குக் கண் கலங்கிடுச்சு.

கால் தரையில் படாமல் திரியும்
தங்கச்சி


நகரம்
பிப்ரவரி 20

அன்புள்ள சுண்டெலிக்கு,

சுகம், சுகம், பரம சுகம். அம்மாவின் உளவுத்துறைக்கு என் வணக்கம்.

உன் கடிதத்தை ஆபீஸ்ல நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். காட்டறதுன்னு ஒண்ணு சேர்த்தே பாரு, அங்கேதான் நீ என்னை மிஞ்சிட்டே. நான் வெறும் வாசகம் எழுதினேன், நீ அதுக்கு உயிர் கொடுத்துட்டே.

நீ போன்ல அனுப்பின அந்த ஒரு படம் எனக்குக் கோயில் மாதிரி. படகு நிறைய சிரிக்கற முகம், மேலே வானம் நிறைய பறவை. அதை ஒரு பெரிய சுற்றுலாக் கம்பெனிகிட்ட காட்டினேன். அவங்களுக்குப் பத்து இடத்துல படகுத்துறை இருக்கு, ஏரி, ஆறு, காயல்னு. பத்துலயும் இதே திட்டத்தை வைக்கலாமான்னு யோசிக்கறாங்க. பக்கத்துல எந்தப் பறவை முட்டை வைக்குதோ அதைக் காட்டறது, கொஞ்சம் காசைக் காவலுக்குக் கொடுக்கறது. நடத்தப் போறது யார்? உன் அண்ணன்தான்.

படம் நிறைய அனுப்பு. குஞ்சு பொரிச்சதும் அது தனியா வேணும். படத்துக்கு அம்மா தடை போடலை, போன்லயே தட்டி விடு.

அவசரத்துடன்
அண்ணன்


படகுத்துறை
மார்ச் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். அம்மா சுகம். அண்ணியைக் கேட்டதாச் சொல்லு.

பதில் எழுத நாளாயிடுச்சு. வேலை. மூணாம் நம்பர் படகுல ஒழுகல், தாரு காய்ச்சி அடைச்சோம். அப்புறம் லைஃப் ஜாக்கெட் எல்லாத்தையும் பிரிச்சுப் புதுசா பட்டி தைச்சேன். தேவையே இல்லை, இருந்தாலும் தைச்சேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது.

படம் எடுக்க முடியலை. வெளிச்சம் சரியில்லை. மத்தியானச் சவாரியை இப்ப நிறுத்திட்டேன், நாணல் பக்கம் மட்டும்தான் போறோம். நாணலும் நல்லாத்தான் இருக்கு.

மீசைக்கு இப்ப குடை தேவைப்படறதில்லை.

வேற விசேஷம் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
தங்கச்சி


நகரம், புது விலாசம் (பின்பக்கம் எழுதியிருக்கேன்)
ஏப்ரல் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

சுகம். வீடு மாத்தியிருக்கோம், கொஞ்சம் சின்னது, ஆனா காத்து வருது. அண்ணி ஒரு துணிக்கடைல கணக்கு எழுதப் போக ஆரம்பிச்சிருக்கா. வீட்டுல போரடிக்குதாம்.

உனக்கு என்ன ஆச்சு? தாரு, பட்டி, நாணல். நான் கேட்டது குஞ்சு. நாணலை வச்சு நான் பத்துத் துறைக்கு என்ன சொல்றது? மத்தியானச் சவாரியை எதுக்கு நிறுத்தினே? ஓடற குதிரைக்கு யாராவது காலைக் கட்டுவாங்களா? காவல்காரங்க ஏதாவது சொன்னாங்களா? சொன்னா அவங்ககிட்ட நான் பேசறேன்.

கம்பெனிக்காரங்க அக்டோபர்ல முடிவு சொல்றாங்க. அதுக்குள்ள எனக்குப் படம் வேணும். ஒரே ஒரு குஞ்சு போதும். நான் இதை எவ்வளவு நம்பியிருக்கேன்னு உனக்குத் தெரியாது.

பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்


படகுத்துறை
ஏப்ரல் 27

அண்ணா,

அம்மா சுகம். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒண்ணுமில்லை, உடனே பதறாதே.

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழிச்சுட்டேன். இது அஞ்சாவது. இதையும் கிழிச்சா அம்மா என்னைக் கிழிச்சுடுவாங்க.

குஞ்சு இல்லை அண்ணா. ஒண்ணுகூட இல்லை.

மார்ச் முதல் வாரம் ஒரு கும்பலைக் கூட்டிக்கிட்டுப் போனேன். திட்டுகிட்ட படகு போச்சு, ஒண்ணும் எழும்பலை. சத்தமே இல்லை. மீசை குடைக்குள்ளேயிருந்து தலையை நீட்டி, "எங்கே போச்சுங்க எல்லாம்?"னார். "இரை தேடப் போயிருக்கும்"னு சமாளிச்சுட்டுத் திரும்பிட்டேன். அப்புறம் தனியா போனேன். முட்டை எல்லாம் வச்ச இடத்துலயே இருக்கு. பறவைதான் இல்லை. ஒண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்புக் கல் மாதிரி கொதிச்சுது.

தொப்பியம்மாகிட்ட போய்ச் சும்மா கேட்கற மாதிரி கேட்டேன், பறவை ஏன் முட்டை மேலேயே உட்கார்ந்திருக்குன்னு. "குளிருக்குன்னு நினைச்சீங்களா? மத்தியான வெயிலுக்கும்தான். அது நிழல். அது எழுந்துட்டா மணல் சுட்டு முட்டை வெந்துடும்"னு சொன்னாங்க. மத்தியானத்துல. நான் பொறுக்கி எடுத்த நேரம் அதுதானே! தினமும் படகு படகா ஆளைக் கொண்டு போய் அதுங்களை எழுப்பி விட்டிருக்கேன். அதுங்க வரவேற்கலை அண்ணா. போ போன்னு கத்தியிருக்குதுங்க. நாங்க கைதட்டியிருக்கோம்.

அந்தம்மாவுக்குக் காரணம் தெரியாது. இந்த வருஷ வெயில்னு நினைக்கறாங்க. காவலுக்கு இன்னும் ஆள் போட்டிருக்கணும்னு தன்னையே திட்டிக்கறாங்க. அது போதாதுன்னு, ஜூன்ல அவங்க ஆண்டுக் கூட்டத்துல நமக்கு மரியாதை செய்யப் போறாங்களாம். "நீங்க இல்லைன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என் கையை உதறிக்கிட்டு ஓடணும்போல இருந்துச்சு.

நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

தங்கச்சி


நகரம்
மே 2

சுண்டெலி,

உடம்பைப் பார்த்துக்கோ. முதல்ல தூங்கு, சாப்பிடு. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதே.

எனக்கும் வருத்தம்தான். நான் கல் இல்லை. ஆனா நிதானமா யோசி. உன்னாலதான்னு யார் பார்த்தா? வெயிலாவே இருக்கலாம். அந்தம்மா அப்படித்தானே சொல்றாங்க, அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? இனிமே மத்தியானம் போகாதே, சாயங்காலம் போ, அவ்வளவுதான். தப்பைத் திருத்திக்கிட்டா போதும், தம்பட்டம் அடிக்கணும்னு இல்லை.

நீ கூட்டத்துல ஏறி வாயைத் திறந்தா என்ன நடக்கும் தெரியுமா? போர்டைப் பார்த்து வந்தவங்க போர்டைப் பார்த்துத் துப்புவாங்க. துறை படுத்துடும். எனக்கு அந்தப் பத்துத் துறையும் போயிடும். பத்துத் துறைன்னா பத்துச் சங்கத்துக்குக் காசு. எவ்வளவு பறவை பிழைக்கும், யோசி. மரியாதையை வாங்கிக்கிட்டு, கும்பிட்டுட்டு, இறங்கி வந்துடு. எனக்காக. இதுவரைக்கும் உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்லை.

அண்ணன்


படகுத்துறை
ஜூன் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமா இருக்கணும். இந்தக் கடிதத்தைப் படிச்சப்புறமும் இருக்கணும்.

சொல்லிட்டேன்.

வாங்கிக்கிட்டு இறங்கிடலாம்னுதான் போனேன். சத்தியமா. புடவைகூட நல்லதா கட்டிக்கிட்டுப் போனேன். சைக்கிள் கடை மாடில இருபது பேர் நெருக்கிக்கிட்டு நின்னாங்க. தொப்பியம்மா எழுந்து பேசினாங்க. "இவங்க மட்டும் ஆத்துல இறங்காம இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சாங்க பாரு, எனக்கு மூச்சு நின்னுடுச்சு. அவங்க சொல்ல வந்தது பாராட்டு. ஆனா அந்த வாக்கியத்தோட பாதிதான் உண்மை. அந்தப் பாதியைப் பிடிச்சுக்கிட்டு நான் எழுந்துட்டேன். போர்டு, மத்தியானம், கைதட்டல், சூடான முட்டை, ஒண்ணு விடாம கொட்டிட்டேன். பத்துத் துறை விஷயத்தையும் சொன்னேன். உன் பேரைச் சொல்லலை.

ஒருத்தரும் கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். தொப்பியம்மா தலைல இருந்த தொப்பியோட விளிம்பையே தடவிக்கிட்டு இருந்தாங்க. நான், "உங்க தூரநோக்கியை ஆத்துல எறிங்க, என் காசு வேண்டாம்னு சொல்லுங்க"ன்னேன். அவங்க, "காசை ஏன் எறியணும்? ஆனா எங்களுக்கு உங்ககிட்ட வேணுங்கறது வேற"ன்னாங்க. என்னன்னு கேட்டேன். "அந்தப் பக்கம் உங்க படகு போகாம இருக்கறதைக் கொடுங்க. முட்டைக் காலம் முழுக்க. அதைவிடப் பெரிசா யாரும் எங்களுக்குக் கொடுக்க முடியாது"ன்னாங்க.

ஆத்துல நல்ல பாதி அதுதான்னு உனக்குத் தெரியும். அதை விட்டா மிச்சம் நாணலும் சேறும். கொடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து போர்டைக் கழட்டிட்டேன். கூட்டம் பாதியா குறைஞ்சுடுச்சு. மீசை கழட்டின ஆணியை நிமிர்த்தி டப்பால போட்டுக்கிட்டார்.

நீ கேட்ட ஒரே ஒண்ணையும் நான் செய்யலை. அடிக்கணும்னா வந்து அடி. எழுதாம மட்டும் இருக்காதே, எனக்குத் தாங்காது.

உன் தங்கச்சி


படகுத்துறை
ஆகஸ்ட் 21

பெரியவனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

(அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதறேன். அவங்க கண்ணாடி உடைஞ்சுடுச்சு. ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னு உத்தரவு.)

நான் நல்லா இருக்கேன். முழங்காலும் நல்லா இருக்கு. நீ எழுதி ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு. கடுதாசி எழுதுங்கன்னு சொன்னது சண்டை போடத்தான், ஊமையா இருக்க இல்லை. இவ தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்லயே நிக்கறா. (நிக்கலை.) நிக்கறா. ஜன்னல்லேர்ந்து நான்தானே பார்க்கறேன்.

எனக்கு எல்லாம் தெரியும். இவ தூக்கத்துல புலம்பினதுலயே பாதி தெரிஞ்சுது. அப்பா படகைக் கவுத்துக் காட்டினார்னு நீ எழுதினியாமே. அதை வச்சுத்தான் ரெண்டு பேரும் இந்தக் கூத்து அடிச்சிருக்கீங்க. உங்கப்பா காட்டினது அவரோட படகை. அடுத்தவ வீட்டையா திறந்து காட்டினார்? பிரசவம் ஆன வீட்டுக்குள்ள ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கைதட்டினா எவ சும்மா இருப்பா?

அந்தப் பத்து இடத்துலயும் நீ அதையேதான் செய்யப் போறியா? அதை மட்டும் எனக்கு எழுது. வேலையை விட்டுட்டியான்னு நான் கேட்கலை. மருமக துணிக்கடைக்குப் போறா, வீடு சின்னதாயிடுச்சுன்னு எழுதினதும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. நீ பெத்தவகிட்ட மறைக்கற அளவுக்கு இன்னும் வளரலை.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா
(அண்ணா, வேலையை விட்டுட்டியா? எனக்கு இது தெரியாது.)


நகரம்
அக்டோபர் 30

அம்மாவுக்கும் சுண்டெலிக்கும்,

நாங்க சுகம். இந்தத் தடவை பொய் இல்லை.

மார்ச்லயே வேலையை விட்டுட்டேன். பத்துத் துறை கைல வந்துட்ட மாதிரியே ராஜினாமா கடிதம் நீட்டினேன். அதனாலதான் உன்னை வாயை மூடச் சொன்னேன், சுண்டெலி. பறவைக்காக இல்லை, பயத்துல. ஜூன் கடிதம் வந்தப்போ உன்மேல வந்த கோபத்துல மேஜையை எட்டி உதைச்சேன், கால் விரல் வீங்கிடுச்சு. அதோட ரெண்டு மாசம் நொண்டினேன். எழுதினா அசிங்கமா எழுதிடுவேன்னுதான் எழுதலை.

நீ அங்கே பேசினது இங்கே யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரங்க முன்னாடி அந்தப் பழைய படத்தையே வச்சேன். சிரிக்கற முகம், வானம் நிறைய பறவை. அதைச் சுவர் அளவுக்குப் பெரிசாக்கிக் காட்டினாங்க. அவ்வளவு பெரிசா நான் அதைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பறவைக்கும் வாய் பிளந்திருக்கு. அம்மா எழுதின பிரசவ வீடு ஞாபகம் வந்துச்சு.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் கேட்டார், "எல்லாச் சீசன்லயும் கூட்டைப் பக்கத்துல போய்ப் பார்க்க முடியும்ல?" முடியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். "முடியாதுங்க. பார்க்க விடக்கூடாது"ன்னு சொன்னேன். "பார்க்க முடியாததுக்கு யார் சார் காசு கொடுப்பாங்க?"ன்னார். பைலை மூடிக்கிட்டு வந்துட்டேன்.

இப்ப கடைகளுக்குப் போர்டு எழுதறேன், என் கையாலயே, பெயிண்டும் பிரஷ்ஷுமா. அண்ணி திட்டலை. "முகத்துல பெயிண்ட் இருந்தாத்தான் உங்களைப் பார்க்கச் சகிக்குது"ங்கறா. உங்களுக்கும் ஒண்ணு எழுதி லாரில போட்டு விட்டிருக்கேன். பிடிச்சா மாட்டு, பிடிக்கலைன்னா படகுக்கு முட்டு கொடு.

அண்ணன்


படகுத்துறை
மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க சுகம். புதுக் கண்ணாடி போட்டதுலேர்ந்து அம்மாவுக்கு எதிர்க்கரை வரைக்கும் உளவு. உனக்குக் கால் விரல் சரியாயிடுச்சா? அண்ணியை ரொம்பக் கேட்டதாச் சொல்லு.

உன் போர்டை முட்டு கொடுக்கலை. துறை வாசல்லயே மாட்டிட்டோம். மீசை போன வருஷம் நிமிர்த்தி வச்ச அதே ஆணியை எடுத்து அடிச்சார். "நடு ஆற்றில் பறவைகள் இருக்கின்றன. காட்ட மாட்டோம்." படிச்சுட்டு ஜனங்க நின்னு சிரிக்கறாங்க. சிலர் கோவிச்சுக்கிட்டுப் போறாங்க. மிச்சம் பேர் ஏறறாங்க. போன வருஷக் கூட்டம் இல்லை, அதுல பாதிகூட இல்லை. ஒரு படகை வித்துட்டேன். பச்சையை இல்லை, பயப்படாதே.

திட்டுக்கு ரொம்பத் தள்ளி ஆத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி, மிதவை போட்டிருக்கோம். என் படகு அதுவரைக்கும்தான். நேத்து ஒருத்தர் கேட்டார், "எங்கேங்க பறவை?" "கயித்துக்கு அந்தப் பக்கம்." "ஒண்ணும் தெரியலையே?" "அதுக்குத்தாங்க காசு"ன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் திரும்பிப் போறவரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். உன்கிட்ட அந்தக் கம்பெனிக்காரர் கேட்டதுக்கு இதுதான் பதில்னு நினைக்கறேன். இவர் மாதிரி ஒண்ணு ரெண்டு பேர் கொடுப்பாங்க.

ஆனா உண்மையைச் சொல்றேன், நேத்து வரைக்கும் எனக்குத்தான் இருப்பு கொள்ளலை. பறவை திரும்ப வந்துச்சா இல்லையான்னே தெரியாது. ஒரு தடவை பயந்த இடத்துக்கு அதுங்க வராமலே போயிடலாம்னு எங்கேயோ படிச்சதுலேர்ந்து சோறு இறங்கலை. கயிறு வரைக்கும் போவேன், துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், திரும்பிடுவேன். காத்து எங்க பக்கத்துலேர்ந்து அடிக்குது, சத்தமும் கேட்கலை. தொப்பியம்மாகிட்ட கேட்கலாம். கேட்கக் கூடாதுன்னு ஒரு வைராக்கியம். எனக்குக் கேட்கற உரிமை இல்லைன்னு ஒரு பயம்.

இன்னைக்குக் காலைல அவங்களே வந்தாங்க. திட்டுல ஏறின நாயை விரட்டிட்டு நேரா துறைக்கு. தண்ணி கேட்டாங்க, கொடுத்தேன். குடிச்சுட்டு, வியர்க்குதுன்னு தொப்பியைக் கழட்டி மேஜை மேலே, என் கண்ணுக்கு நேரா வச்சாங்க. அத்தனை நாள் பழக்கத்துல அவங்க தலைமுடியை இன்னைக்குத்தான் பார்க்கறேன். அப்புறம் தொப்பியைப் பார்த்தேன்.

தொப்பி முழுக்க எச்சம் அண்ணா. பொட்டு இடம் பாக்கி இல்லை. வெள்ளை வெள்ளையா, புதுசா, இன்னும் காயாம.

எத்தனை வந்திருக்குன்னு நான் கேட்கலை. படகுக் கொட்டகைக்குள்ள ஓடிப் போய், லைஃப் ஜாக்கெட் குவியல்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு அழுதேன். மீசை வாசல்ல நின்னு தன் மீசையைத் தடவிக்கிட்டு, "வந்துடுச்சுங்களா?"னு மட்டும் கேட்டார்.

அம்மா போன் தடையை எடுத்துட்டாங்க, இனிமே பேசலாமாம். ஆனா இதை எழுதித்தான் சொல்லணும்னு தோணுச்சு. ஒரு வாரம் பிரஷ்ஷைக் கீழே வச்சுட்டு அண்ணியைக் கூட்டிக்கிட்டு வா. கயிறு வரைக்கும் கூட்டிப் போறேன்.

உன் தங்கச்சி